ஸபர் மாதமும் பதின்மூன்றாம் எண்ணும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஹட்டன் கடைவீதியில் வியாபாரம் செய்யும் ஒரு தந்தை இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் எனக்காகக் காத்திருந்தார். மகளின் நிகாஹ் பேசி முடிக்கப்பட்டிருந்தது. மணமகன் கத்தாரில் தொழில் புரிபவர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவருக்குக் கிடைப்பது முப்பது நாள் விடுமுறை. அவர் ஊர் வந்து இறங்கும் நாளோ ஸபர் மாதத்தின் முதற் பிறை.

"ஹஸரத், மொதல் பதிமூணு பிறையும் பாரம் எண்டு எங்கட உம்மா சொல்றாங்க. மிச்ச நாளும் பீடையாம், கடைசிப் புதன் சுத்தமாக் கூடாதாம். அப்ப நான் எந்த நாளத்தான் வைக்கிற?"

கணக்கு எளிது. ஸபர் 29 நாட்களில் முடிந்தால் அந்த மணமகனுக்கு எஞ்சுவது ஒரே ஒரு நாள். முப்பது நாட்களில் முடிந்தால் அதுவும் இல்லை. ஓர் எண்ணுக்கு அஞ்சி ஒரு பெண்ணின் வாழ்வு இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போக இருந்தது. அன்று அந்தத் தந்தையிடம் நான் கூறியவற்றையும், பின்னர் நூல்களில் தேடி அறிந்தவற்றையும் இங்கு சேர்த்துத் தருகின்றேன்.

பதின்மூன்று என்றதும் ஐரோப்பியரின் அச்சமே பலருக்கு நினைவில் எழும். தேயிலைத் தோட்டங்களைத் திறந்த துரைமாரின் நாடுகளில், ஒரே மேசையில் பதின்மூவர் அமர்ந்து உண்டால் அவர்களுள் ஒருவர் அவ்வாண்டுக்குள் இறப்பார் என்று நம்பினர். கிறிஸ்தவர்கள் கூறும் இறுதி இராவுணவில் பதின்மூவர் இருந்தனர் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். இதனை எள்ளி நகையாடுவதற்கென்றே அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் ஒரு சங்கம் தோன்றியது. 1882 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் இலக்க அறையில், பதின்மூவர் கூடி உணவருந்தினர். சாகவேண்டும் என்று ஊரார் எதிர்பார்த்த அந்தச் சங்கம் பல்லாண்டுகள் நிலைத்து, நூற்றுக்கணக்கான உறுப்பினர்களைப் பெற்றது.

ஆனால் ஹட்டன் தந்தை அஞ்சிய பதின்மூன்று ஐரோப்பாவிலிருந்து வந்ததன்று. அது நம் சமூகத்துக்குள்ளேயே முளைத்தது. உர்தூ பேசும் முஸ்லிம்கள் ஸபரின் முதற் பதின்மூன்று நாட்களைத் 'தேரா தேஸி' என்பர். அந்நாட்களில் நபி (ஸல்) அவர்கள் கடும் நோயுற்றிருந்தார்கள் என்பது அவர்கள் கூறும் காரணம். நபியவர்களின் இறுதி நோய் பதின்மூன்று நாட்கள் நீடித்தது என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர் என்பது உண்மையே. ஆயினும் அந்நோய் தொடங்கியது ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு ஸபர் மாதத்தின் இறுதிப் பகுதியில். அது வஃபாத்தில் முடிந்தது ரபீஉல் அவ்வலில். மாதத்தின் முடிவில் நிகழ்ந்ததற்காக மாதத்தின் தொடக்கத்தைக் கண்டு அஞ்சுகின்றோம். எண் மட்டும் நினைவில் தங்கியது. நாள் இடம் மாறிவிட்டது.

ஒடுக்கத்துப் புதனின் கதை இதனிலும் விந்தையானது. ஸபரின் கடைசிப் புதன்கிழமையன்று மூன்று இலட்சத்து இருபதாயிரம் சோதனைகள் இறங்குகின்றன எனச் சில பிற்கால நூல்கள் கூறின. அதனால் ஸலாம் எனத் தொடங்கும் ஏழு வசனங்களை மாவிலையிலோ பீங்கானிலோ குங்குமப்பூ மையினால் எழுதி, கழுவிக் குடித்து, அந்நீரில் குளிக்கும் வழக்கம் தமிழகத்திலும் நம் நாட்டிலும் பரவியது. கேரளத்திலும் ஒடுக்கத்துப் புதன் உண்டு. ஜாவாவில் அதனை 'ரெபோ வெகாசான்' என்பர். ஆனால் வங்காளத்து முஸ்லிம்களோ அதே புதன்கிழமையை 'ஆகிரி சஹார் ஷம்பா' என்று மகிழ்ச்சியோடு நினைவுகூர்கின்றனர். நபியவர்கள் நோய் சற்றுத் தணிந்து குளித்த நாள் அது என்பது அவர்களின் நம்பிக்கை. ஒரே மாதம், ஒரே புதன். ஓர் ஊரில் பீடை. மற்றோர் ஊரில் பெருநாள்!

அறியாமைக் காலத்து அரபிகளும் ஸபரை வெறுத்தனர். போர் விலக்கப்பட்ட முஹர்ரம் முடிந்ததும் ஆண்கள் கொள்ளைக்கும் போருக்கும் புறப்படுவர், வீடுகள் வெறுமையாகும். அந்த வெறுமையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ஸபர் என்ற பெயர் வந்தது என்பர். அதுபோலவே ஷவ்வாலில் திருமணம் செய்தால் ஆகாது என்றும் அவர்கள் நம்பினர். நபி (ஸல்) அவர்கள் தம்மை ஷவ்வாலிலேயே மணந்தார்கள் என்பதை ஆயிஷா (ரழி) அவர்கள் எடுத்துக் காட்டி, தம் குடும்பத்துப் பெண்களின் மணங்களை அம்மாதத்தில் நடத்துவதையே விரும்பினார்கள். சகுனமும் இல்லை, ஸபரும் இல்லை என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அதிலுள்ள ஸபர் என்பது மாதத்தையா, வயிற்றில் இருந்து கடிப்பதாக அரபிகள் நம்பிய ஒரு புழுவையா என்று உலமாக்கள் கருத்து வேறுபட்டனர். எனினும் மாதத்தைப் பீடையாகக் கருதுவதை, ஹிஜ்ரி 795இல் மறைந்த இமாம் இப்னு ரஜப் அவர்கள் மாதங்கள் பற்றிய தம் நூலில் வெளிப்படையாகக் கண்டிக்கின்றார்கள். அவர்களின் காலத்திலேயே ஸபரில் பயணம் தவிர்ப்போர் இருந்தனர் என்பதும் இதனால் புலப்படுகின்றது.

பதின்மூன்றையே எடுத்துக்கொள்வோம். நபித்துவத்துக்குப் பின் நபியவர்கள் மக்காவில் வாழ்ந்தது பதின்மூன்று ஆண்டுகள். ஒவ்வொரு மாதமும் நோன்பு நோற்பது ஸுன்னத்தாகிய வெண்ணாட்கள் மூன்றும் தொடங்குவது பதின்மூன்றாம் பிறையில். ஸபரின் பதின்மூன்றும் அதற்குள் அடங்கும்.

பிற சமூகங்களின் எண்ணச்சத்தை ஆராய்ந்தால், பெரும்பாலும் அது காதினால் வந்தது என்று தெரியும். சீன மொழியில் நான்கு என்ற சொல்லும் மரணம் என்ற சொல்லும் ஏறத்தாழ ஒரே ஓசை உடையவை. ஹொங்கொங்கின் பல அடுக்குமாடிகளில் நான்காம் மாடி என்றே ஒன்று இராது. தெலுங்கில் ஏழைக் குறிக்கும் 'ஏடு' என்ற சொல் அழுகையையும் நினைவூட்டுவதால் அதனை 'ஆறும் ஒன்றும்' என்று எண்ணுவோர் இருந்தனர். நம் தமிழகத்து நெல் அளப்போர் முதற் படியை 'ஒன்று' என்னாது 'இலாபம்' என்றே தொடங்குவர். எட்டு, தமிழ் எண்சோதிடருக்குச் சனியின் எண். பலர் அதனை வாகன இலக்கத்திலும் தவிர்ப்பர். சீனருக்கோ எட்டு செல்வத்தின் ஓசை. 2008ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக் விழாவை எட்டாம் மாதம் எட்டாம் திகதி இரவு எட்டு மணிக்கு அவர்கள் தொடங்கினர்.

நம் கடைகளில் தொங்கும் 786 பற்றியும் ஒரு வார்த்தை. அரபு எழுத்துக்களுக்கு எண் மதிப்பு அளிக்கும் அப்ஜத் முறையில் பிஸ்மிலின் எழுத்துக்களைக் கூட்டினால் வருவது அது. இலக்கங்கள் பரவுமுன் எழுத்தையே எண்ணாகப் பயன்படுத்திய காலத்தின் எச்சம். அந்த வாகன இலக்கத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் நாம் எட்டுக்கு அஞ்சுபவரைக் கண்டு சிரிப்பது அத்தனை பொருத்தமன்று.

எண்ணைக் கண்டு அஞ்சாது அதனைக் கருவியாக்கியவர்களும் நம் முன்னோரே. இந்திய இலக்கங்களைக் கொண்டு கணக்கிடும் முறையை ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதி வைத்தார். வெறுமையான இடத்தைக் குறிக்கும் புள்ளிக்கு அரபிகள் இட்ட பெயர் 'ஸிஃப்ர்'. ஸபர் மாதத்தின் பெயரோடு ஒரே வேரைப் பகிரும் சொல் அது! ஐரோப்பியர் பூச்சியத்துக்கு வழங்கும் 'ஸீரோ' என்ற பெயர் அதிலிருந்தே பிறந்தது. 1202இல் பிபொனாச்சி அம்முறையை இத்தாலியருக்குக் கற்பித்தார். ஆனால் 1299இல் புளோரன்ஸ் நகர நாணய மாற்று வணிகர் சங்கம், கணக்கேடுகளில் இந்த இலக்கங்களை எழுதலாகாது என்று தடுத்தது. பூச்சியத்தை எளிதில் ஆறாகவும் ஒன்பதாகவும் திருத்திவிடலாம் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர். இது கணக்குப்பிள்ளையின் அச்சம். அதில் நியாயம் உண்டு. நம் மலைகளில் கொழுந்து நிறுக்கும் தராசின் முன் நிற்கும் பெண்ணின் அச்சமும் அத்தகையதே. விதித்த நிறைக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அன்று அரைப்பேர் விழுந்துவிடுமோ என்று அவர் அஞ்சுவார்.

கி.பி. 632 ஜனவரி 27 அன்று மதீனாவில் சூரிய கிரகணம் தென்பட்டது. நபியவர்களின் சிறு மகன் இப்றாஹீம் மறைந்த நாளும் அதுவே. மக்கள் அந்த மரணத்தாலேயே சூரியன் மங்கியது என்றனர். மகனை இழந்த தந்தைக்கு அது ஆறுதலாகவும் பெருமையாகவும் அமைந்திருக்கும். ஆயினும் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் மறைவதில்லை என்று மக்களை ஒன்றுகூட்டி அறிவித்தார்கள். ஹட்டன் தந்தை இந்நிகழ்வைக் கேட்டபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பின் ஸபர் பிறை ஒன்பதில் நிகாஹ் என்று அவரே நாள் குறித்தார்.

அவருடைய உம்மா மூன்று நாட்கள் எவருடனும் பேசவில்லை. நான்காம் நாள் பேத்தியின் புடவைக்குக் கரை தைக்க அமர்ந்தார். நிகாஹ் நடந்தது, மணமகன் இருபத்தொரு நாட்கள் மனைவியுடன் இருந்துவிட்டுக் கத்தார் திரும்பினார். அன்றிரவு அன்பளிப்பு உறைகளைப் பிரித்துக் கணக்கெழுத என்னையும் அமர்த்தினர். பெரும்பாலான உறைகளின் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டப்பட்டிருந்தது. ஆயிரம் ரூபாய் பூச்சியத்தில் முடியக்கூடாதாம்.