கட்சிகள் உதிர்ந்த காலம்: இத்தாலி, 1992–1994

மக்களாட்சியின் வீழ்ச்சி என்றவுடன் மனக்கண்ணில் தோன்றுவன படைகளின் அணிவகுப்பும், நள்ளிரவுக் கைதுகளும், கைப்பற்றப்பட்ட வானொலி நிலையங்களுமே ஆகும். ஆனால் வாக்குச்சீட்டும் சட்டநூலும் தத்தம் இடத்தில் இருக்கும்போதே, அரசையும் குடிமக்களையும் இணைக்கும் அமைப்புகள் அற்று விழுவதும் உண்டு. நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரு நாட்டின் அரசியலைத் தாங்கிய கட்சிகள், எந்தச் சருவாதிகாரியின் ஆணையும் இன்றி இரண்டே ஆண்டுகளில் மறைந்தன. அந்த நாடு இத்தாலி. மேலை மக்களாட்சிகளின் வலிமையையும் மென்மையையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி அது.

குடியரசின் தூண்கள்

இருபது ஆண்டுக்காலப் பாசிச ஆட்சியும் போரும் முடிந்தபின், 1946 சூன் 2 அன்று இத்தாலிய மக்கள் மன்னராட்சியா குடியரசா என வாக்களித்தனர். குடியரசுக்கு 1 கோடியே 27 இலட்சம் பேரும், மன்னராட்சிக்கு 1 கோடியே 7 இலட்சம் பேரும் வாக்களித்தனர். 1948 சனவரி 1இல் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் தேர்தலில் வாக்காளருள் 92 விழுக்காட்டினர் வாக்களித்தனர். கிறித்தவ மக்களாட்சிக் கட்சி 48.5 விழுக்காடு வாக்குகளைப் பெற்று ஆட்சியமைத்தது.

அக்காலத்தில் கட்சி என்பது தேர்தலுக்கு மட்டும் விழித்தெழும் அமைப்பன்று. கிறித்தவ மக்களாட்சிக் கட்சிக்குக் கோயிற்பங்குகளும் உழவர் சங்கங்களும் துணை நின்றன. பொதுவுடைமைக் கட்சிக்குத் தொழிற்சங்கங்களும் கூட்டுறவு அமைப்புகளும் இருந்தன; 1947இல் அதன் உறுப்பினர் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஊர்தோறும் ஒரு கட்சிக் கிளை அறை, அங்கே நாளிதழ் படிக்கும் முதியவர், விண்ணப்பம் எழுதித்தரும் இளைஞர், கோடையில் ஒரு விழா என, அரசு என்ற எட்டாப் பொருளைக் குடிமகனின் தெருமுனைக்குக் கொண்டு வந்தவை கட்சிகளே.

ஆனால் இந்த அமைப்பில் பிறவிக்குறை ஒன்று இருந்தது. 1947 மே மாதம் அமைச்சரவையிலிருந்து விலக்கப்பட்ட பொதுவுடைமையர், பனிப்போர் நீடித்த காலம் முழுவதும் மீண்டும் அமைச்சரவைக்குள் அனுமதிக்கப்படவில்லை. எனவே ஆளுங்கட்சி என்றும் ஆளுங்கட்சி. எதிர்க்கட்சி என்றும் எதிர்க்கட்சி. அமைச்சரவைகள் சராசரி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. ஆயினும் அமைச்சர்களின் முகங்கள் மாறவில்லை. 1976இல் கிறித்தவ மக்களாட்சிக் கட்சி 38.7 விழுக்காடும் பொதுவுடைமைக் கட்சி 34.4 விழுக்காடும் பெற்றபோது, இவ்விரு முகாம்களையும் நெருங்கி வரச்செய்ய அல்தோ மோரோ முயன்றார். பொதுவுடைமையரின் ஆதரவோடு அமைந்த அமைச்சரவை நம்பிக்கை வாக்குக் கோரவிருந்த 1978 மார்ச் 16 அன்று, சிவப்புப் படையணி என்ற தீவிரவாதக் குழு அவரைக் கடத்தியது. ஐம்பத்தைந்து நாள்களுக்குப்பின் உரோம் நகரத் தெருவொன்றில், ஒரு வண்டியில் அவர் உடல் கிடந்தது. மாற்று ஆட்சிக்கான கதவு மீண்டும் சாத்தப்பட்டது.

கையூட்டுக் கணக்கு

தோல்வி அச்சம் இல்லாத ஆட்சியில் தூய்மை நெடுநாள் நிற்பதில்லை. வங்கி, மருத்துவமனை, பொதுத்துறை நிறுவனம் அனைத்திலும் பதவிகள் கட்சிவாரியாகப் பங்கிடப்பட்டன. அரசுத் தொலைக்காட்சியின் மூன்று அலைவரிசைகளும் கிறித்தவ மக்களாட்சிக் கட்சி, சோசலிசுக் கட்சி, பொதுவுடைமைக் கட்சி ஆகியவற்றின் செல்வாக்கில் ஒவ்வொன்றாக அமைந்தன. பொதுப்பணி ஒப்பந்தங்களில் கட்சிகளுக்கு விழுக்காடு வைத்துக் கொடுப்பது எழுதப்படாத சட்டமாயிற்று. மக்கள் இதனை அறியாதவர் அல்லர். மூக்கைப் பிடித்துக்கொண்டேனும் ஆளுங்கட்சிக்கு வாக்களிக்குமாறு 1976இல் இதழாசிரியர் இந்த்ரோ மொந்தனெல்லி தம் வாசகருக்கு அறிவுரை கூறினார். பொதுவுடைமை பற்றிய அச்சம் ஊழலைப் பொறுக்கச் செய்தது.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் வீழ்ந்தது. 1991 பிப்பிரவரியில் இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சி தன் பெயரையே கலைத்து, இடதுசாரி மக்களாட்சிக் கட்சியாக உருமாறியது. பகை மறைந்ததும் அப்பகையால் வாழ்ந்தவர்க்குக் காப்பும் மறைந்தது.

1992 பிப்பிரவரி 17 அன்று மிலான் நகரில், முதியோர் இல்லமொன்றின் தலைவரான மாரியோ கியேசா என்ற சோசலிசுக் கட்சிக்காரர், துப்புரவு ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் 70 இலட்சம் லீரா வாங்கியபோது பிடிபட்டார். வழக்கை நடத்தியவர் அந்தோனியோ தி பியெத்ரோ என்ற அரசு வழக்குரைஞர். கட்சித்தலைவரும் முன்னாள் தலைமை அமைச்சருமான பெத்தீனோ கிராக்சி, கியேசாவைத் தனித்த போக்கிரி என்று தள்ளிவிட்டார். கைவிடப்பட்ட கியேசா வாய்திறந்தார். ஒரு நூலைப் பிடித்து இழுக்க, நெய்த துணி முழுவதும் பிரிந்தது.

ஏப்பிரல் தேர்தலில் கிறித்தவ மக்களாட்சிக் கட்சி 29.7 விழுக்காட்டுக்கு இறங்கியது. உரோமின் ஆட்சியையே வெறுத்த வடக்கு லீகு 8.7 விழுக்காடு பெற்று 55 உறுப்பினர்களை அனுப்பியது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க இயலாமல் நாடாளுமன்றம் சுற்றுக்குப்பின் சுற்றாக வாக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, மே 23 அன்று சிசிலியில் மாஃபியாவை எதிர்த்த நீதிபதி ஜோவான்னி பால்கோனே, தம் மனைவியோடும் மூன்று காவலரோடும் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். இரண்டு நாள்களில் ஒசுக்கார் லூயிஜி ஸ்கால்பரோ குடியரசுத் தலைவரானார். சூலை 19 அன்று, பால்கோனேயின் தோழர் நீதிபதி பவுலோ பொர்செல்லீனோவும் ஐந்து காவலரோடு மாண்டார்.

சூலை 3 அன்று கிராக்சி அவையில் எழுந்து, கட்சிகளின் நிதியில் பெரும்பகுதி முறைகேடானது என்பது யாவரும் அறிந்ததே என்றும், மறுப்பவர் எவரேனும் எழுந்து சூளுரைக்கலாம் என்றும் கூறினார். ஒருவரும் எழவில்லை. செப்டம்பரில் அவர் கட்சி உறுப்பினர் செர்ஜோ மொரோனி, தாம் தனிப்பட்ட ஆதாயம் எதுவும் அடையவில்லை என்று அவைத்தலைவருக்கு மடல் எழுதிவிட்டு உயிர் நீத்தார். குற்றம் தனிமனிதருடையதா, அமைப்பினுடையதா என்ற வினாவை அம்மடல் விட்டுச்சென்றது. நீதிமன்றம் தனிமனிதரைத்தான் தண்டிக்க முடியும். அமைப்பைத் திருத்த வேண்டியது அரசியலின் கடமை. அதற்கு அப்போது ஆள் இல்லை.

உதிர்வு

1993 ஏப்பிரல் 18இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், மேலவைத் தேர்தல் முறையை மாற்ற 82 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் ஒப்பினர். கட்சிகளுக்கு அரசு நிதியளிப்பதை நிறுத்த 90 விழுக்காட்டினர் வாக்களித்தனர். மத்திய வங்கியின் ஆளுநராயிருந்த சாம்பி, நாடாளுமன்ற உறுப்பினர் அல்லாத முதல் தலைமை அமைச்சராக அமைச்சரவை அமைத்தார். 1947க்குப்பின் முதன்முறையாக, பொதுவுடைமை மரபில் வந்தவர் மூவர் அமைச்சராயினர். கிராக்சிமீது வழக்குத் தொடுக்க ஏப்பிரல் 29 அன்று அவை சில குற்றச்சாட்டுகளில் இசைவு மறுத்தது. அம்மூவரும் பதவியேற்ற சில மணி நேரத்திலேயே விலகினர். மறுநாள் மாலை, கிராக்சி தங்கியிருந்த விடுதியின் வாயிலில் திரண்ட கூட்டம் அவர்மீது நாணயங்களை வீசியது.

சோசலிசுக் கட்சி 1892இல் தோன்றியது. முசோலினியின் தடையையும் தாங்கி உயிர்த்தது. தன் நூறாம் ஆண்டில் நோயுற்ற அக்கட்சி 1994 தேர்தலில் 2.2 விழுக்காடு பெற்று, அவ்வாண்டு இறுதியில் கலைந்தது. 1919 சனவரி 18 அன்று லூயிஜி ஸ்தூர்சோ அடிகள் மக்கள் கட்சியைத் தோற்றுவித்தார். எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், 1994 சனவரி 18இல், கிறித்தவ மக்களாட்சிக் கட்சி அப்பழைய பெயரைப் பூண்டு தன்னை மறைத்துக்கொண்டது. பாசிசம் அழிக்க முடியாதவற்றைக் கையூட்டு அழித்தது.

வெற்றிடமும் அதனை நிரப்பியோரும்

எட்டு நாள் கழித்து, சனவரி 26 அன்று, மூன்று தனியார் தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கும் ஒரு காற்பந்துக் கழகத்துக்கும் உரிமையாளரான சில்வியோ பெர்லுஸ்கோனி, முன்னரே பதிவுசெய்த ஒன்பது நிமிட ஒளிப்பேழை உரையில் தாம் அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். கட்சியின் பெயரே காற்பந்துத் திடலின் ஆரவாரம் போன்றது: 'போர்சா இத்தாலியா'. அவருடைய விளம்பர நிறுவன ஊழியரிற் பலர் கட்சி அமைப்பாளராயினர். இரண்டு மாதத்தில் அக்கட்சி 21 விழுக்காடு பெற்று முதலிடம் பிடித்தது. பாசிச மரபினரும் வடக்கு லீகும் பங்கேற்ற அமைச்சரவை அமைந்தது. லீகு விலகியதால் அது அவ்வாண்டு திசம்பரில் கவிழ்ந்ததாயினும், 2001இலும் 2008இலும் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். பணத்தின் ஆட்சியை வெறுத்து எழுந்த சினம், பெருஞ்செல்வர் ஒருவரின் வாயிலில் வந்து நின்றது.

பின்னர் எழுந்த ஐந்து விண்மீன் இயக்கம், கட்சிகளையே பழித்து 2018இல் 32 விழுக்காட்டிற்குமேல் பெற்றது. முன்னாள் பாசிசர் தொடங்கிய சமூக இயக்கத்தின் இளைஞர் அணியில் 1992இல் பதினைந்து வயதிற் சேர்ந்த ஜோர்ஜா மெலோனி, 2013இல் 2 விழுக்காடு மட்டுமே பெற்ற தம் கட்சியை 2022இல் 26 விழுக்காட்டிற்கு உயர்த்தித் தலைமை அமைச்சரானார். அத்தேர்தலில் வாக்களித்தோர் 64 விழுக்காட்டினர் மட்டுமே. 1948இன் 92 விழுக்காட்டோடு இதனை ஒப்பிடுவோர்க்கு, உதிர்ந்தது எது என்பது விளங்கும்.

இதனால், குற்றவாளிகளைத் தண்டித்தது தவறு என்று கொள்ளலாகாது. தண்டியாதிருந்தால் அழுகல் மேலும் பரவியிருக்கும். அரசியலமைப்பும் நீதிமன்றங்களும் குடியரசுத் தலைவர் பதவியும் புயலில் நிலைத்தன என்பதும் மறக்கத்தக்கதன்று. செல்லரித்த தூணை நீக்கும் முன் முட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே இத்தாலி தரும் பாடம். கட்சி என்பது அதன் கருவூலக்காரன் மட்டும் அன்று. மாலையில் விளக்கெரிந்த அந்தக் கிளை அறையும் ஆகும். கருவூலக்காரன் சிறைக்குச் சென்றது நீதி. கிளை அறையின் விளக்கும் அணைந்ததே இழப்பு. சட்டம் தீர்ப்பு வழங்கும். குடிமக்களை ஒன்று கூட்டும் பணியை அது செய்யாது. அப்பணியைக் குடிமக்கள் தாமே செய்யாத நாட்டில், உரத்துப் பேசத் தெரிந்தவர் எவரோ அவர் அதனைச் செய்து முடிப்பார்.