ஆட்டுக்கடாவில் பிறந்த சொல்: 'புச்சரி'

போர்ச் செய்திகளைத் தாங்கிவரும் ஆங்கில நாளேடுகளில் 'புச்சரி' என்னும் சொல்லைக் காணலாம். மாணவர்கள் அதனைப் 'படுகொலை' என்று மொழிபெயர்ப்பர். அது தவறன்று. எனினும் அச்சொல்லின் முதற்பொருளில் கொடுமைக்கு இடமே இல்லை. இறைச்சி அறுத்து விற்கும் இடம் என்பதே அதன் பொருள்.

இச்சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் 'பொக்' என்றால் வெள்ளாட்டுக்கடா. கடாவை அறுத்து விற்றவரின் பெயர் அதிலிருந்து பிறந்தது என்பதே சொற்பிறப்பு அகராதிகள் தரும் விளக்கம். 1066இல் நார்மண்டியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அங்குப் புகுந்த எண்ணற்ற பிரெஞ்சுச் சொற்களுள் இதுவும் ஒன்று. ஆண்மானைக் குறிக்கும் 'பக்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவே. 15ஆம் நூற்றாண்டளவில்தான் 'புச்சரி' மனிதரைக் கொன்று குவிப்பதையும் குறிக்கலாயிற்று.

இப்பொருள் மாற்றத்தால் பழி சுமந்தவர் யார்? 1746 ஏப்ரல் 16ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கல்லோடன் களத்தில், இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகனாகிய கம்பர்லாந்துக் கோமகன் கிளர்ச்சிப் படையை முறியடித்தார். போர் முடிந்த பின்னும் வாள் ஓயவில்லை. காயமுற்றுக் கிடந்தோரும் கொல்லப்பட்டனர். இலண்டன் முதலில் அவரைக் கொண்டாடியது. இசைமேதை ஹாண்டல் அவ்வெற்றியைப் போற்றி ஓர் இசைநாடகமே இயற்றினார். நாளடைவில் செய்தி பரவவே, 'புச்சர் கம்பர்லாந்து' என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. இலண்டன் மாநகரின் தொழிற்சங்கம் ஏதேனும் ஒன்றில் அவருக்கு உறுப்புரிமை அளித்துச் சிறப்பிக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அப்படியானால் இறைச்சி வணிகர் சங்கத்திலேயே சேர்த்துவிடலாம் என்று நகரசபையினர் ஒருவர் உரக்கச் சொன்னாராம். ஹொரேஸ் வால்போல் தம் கடிதமொன்றில் இதனைக் குறித்துள்ளார்.

நகைச்சுவை நன்றுதான். ஆனால் அச்சங்கத்தார் செய்த குற்றம் என்ன? 1605இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் அரச சாசனம் பெற்ற தொழிலாளர் அவர்கள். வாளெடுத்தவன் கோமகன், பெயர் கெட்டதோ கத்தியெடுத்துப் பிழைத்தவனுக்கு!

தொல்லியலார் மட்டும் இச்சொல்லைக் கறையின்றிக் கையாள்கின்றனர். இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவ் என்னுமிடத்தில், ஏறத்தாழ 5 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மனித மூதாதையர் ஒரு குதிரையைக் கற்கருவிகளால் கூறுபோட்ட தடயங்கள் கிடைத்தன. அவ்வெலும்புகளில் உள்ள வெட்டுத்தழும்புகளை ஆய்வாளர்கள் 'புச்சரி' அடையாளங்கள் என்றே எழுதுவர். அங்கே இச்சொல் எவரையும் பழிப்பதில்லை.

தமிழில் நாம் வழங்கும் 'கசாப்பு' அரபு மொழிக்குரியது. அம்மொழியில் 'கஸ்ஸாப்' என்பது இறைச்சி அறுப்பவரையே குறிக்கும். நாமோ அதனைத் தொழிலின் பெயராக்கி, ஆளைச் சுட்ட மீண்டும் 'காரர்' என்பதைச் சேர்த்துக்கொண்டோம். இச்சொல்லையும் நாம் விட்டுவைக்கவில்லை. கொடியவனை ஏசும்போது 'கசாப்புக்காரன்' என்கிறோம். நம் வகுப்பறையில் இறைச்சிக்கடை நடத்துபவரின் பிள்ளையும் அமர்ந்திருக்கக்கூடும். ஆகவே மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இச்சொல் வரும்போது, கடையைக் குறித்தால் 'இறைச்சிக்கடை' என்றும், தொழிலைக் குறித்தால் 'இறைச்சி வெட்டும் தொழில்' என்றும், மனிதர் மாண்ட செய்தியாயின் 'படுகொலை' என்றும் பிரித்தெழுதப் பழக்கலாம்.