பரப்பால் மிகுவிக்கப்பட்ட இராமன் நிறமாலை

மிக அற்பமான அளவில் உள்ள ஒரு பொருளைக் கரடுமுரடான வெள்ளி அல்லது தங்கப் பரப்பின்மேல் படியவைத்து, லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறிவரும் ஒளியைப் பகுத்து, அப்பொருள் இன்னதென்று அறியும் முறை இது. இதன் அடிப்படை, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனோடு 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறலாகும். ஒவ்வொரு மூலக்கூறும் தன் அதிர்வுகளுக்கேற்ப ஒளியின் அலைநீளத்தை மாற்றுவதால், அந்நிறமாலை அதன் கைரேகைக்கு நிகராயிற்று; ஆயினும் கோடி ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒன்றே இவ்வாறு மாறுவதால், நுண்ணளவு நஞ்சுகளைக் காண அது நெடுங்காலம் உதவவில்லை.

1974இல் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மன், ஹெண்ட்ரா, மக்குயிலன் ஆகிய மூவர், வெள்ளி மின்வாயைச் சொரசொரப்பாக்கி, அதிற்படிந்த பிரிடின் என்னும் சேர்மத்தின் நிறமாலையை வியக்கத்தக்க தெளிவுடன் பெற்று, பரப்பு விரிந்தமையே அதற்குக் காரணமென்று கருதினர். 1977இல் அமெரிக்காவில் ஜான்மேரும் வான் டைனும், இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்டும் கிரைட்டனும் தனித்தனியே ஆராய்ந்து, சிதறலின் மிகுதி ஏறக்குறைய லட்சம் மடங்காதலின் அது பரப்பின் விரிவொன்றால் மட்டும் விளையாதென்று நாட்டினர். உலோகத்தின் கட்டற்ற எலெக்ட்ரான்கள் ஒளியோடு ஒருங்கே ஊசலாடி, நுண்ணிய இடுக்குகளில் மின்புலத்தைப் பெருக்குகின்றன. அப்புலம் பத்து மடங்காயின், சிதறல் ஏறத்தாழ பதினாயிரம் மடங்காகும் என்பதே இதன் முதன்மையான ரகசியம். 1997இல் ஒற்றை மூலக்கூற்றையும் இதனாற் காணலாமென அறிவிக்கப்பட்டது. 2010இல் சீனத்தின் சியாமென் ஆய்வாளர், சிலிக்கா போர்த்த தங்கத்துகள்களை ஆரஞ்சுத் தோலில் தூவி, பூச்சிமருந்தின் எச்சத்தைக் கண்டனர்.

கூடலூரை அடுத்த தேவர்சோலை போன்ற தேயிலை நாட்டுக்கு இம்முறையின் பிரயோஜனம் வெளிப்படை; ஏனெனில் பறித்த கொழுந்து, மருந்தின் எச்சம் இருப்பினும், கழுவப்படாமலே வாட்டத்துக்குச் செல்கிறது. ஆனால் இலையின் பச்சையம் ஒளிர்ந்து இடையூறு செய்கிறது; காபீனும் பாலிபீனால்களும் மருந்தின் மூலக்கூறுகளோடு போட்டியிட்டு வெள்ளிப்பரப்பைக் கவர்ந்துகொள்கின்றன; ஆதலால் சாற்றைப் பிரித்துச் சுத்திகரித்தபின்னரே சோதிக்க நேர்கிறது. இவற்றினும் பெரிய குறை, சொரசொரப்பான உலோகத் தகடு ஒன்றைப் போல் மறு தகட்டை அமைப்பதன் அருமையே. ஆகவே விரைந்த முதற்சோதனைக்கு இம்முறை ஏற்றதாயினும், எச்சத்தின் அளவை அறுதியிடும் பணி இன்றும் பெரும்பாலும் குரோமட்டோகிராபிக் கருவிகளையே சார்ந்துள்ளது.