பாராமகால் வானமும் தளபதி லத்தீபும்

தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஹஜ்ஜுக்குப் புறப்படும் பெரியவர்களும், வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் செல்லும் இளைஞர்களும் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும். அண்டையிலுள்ள சேலம் கமலாபுரம் நிலையம் 1993-இல் திறக்கப்பட்டும், நெடுங்காலம் சேவையின்றிக் கிடந்து 2018-இல்தான் மீண்டும் உயிர் பெற்றது. இத்தகைய மாவட்டத்தில் இருந்துகொண்டு போர் விமானங்களைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம்.

காரணம் உண்டு. பாராமகால் என்று முன்னோர் அழைத்த இந்நிலப்பகுதி, 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி ஆங்கிலக் கும்பினியாரின் கைக்குப் போகும்வரை ஹைதர் அலீ, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்தது. காவேரிப்பட்டணமும் கிருஷ்ணகிரிக் கோட்டையும் 1767-ஆம் ஆண்டுப் போரிலேயே பெயர் பெற்றவை. மைசூர்ப் படையில் ராக்கெட் வீரர்களுக்கென்று தனிப் பிரிவே இருந்தது. அவர்கள் ஏவியது விளையாட்டு வாணமன்று. இரும்புக் குழாயில் வெடிமருந்தை இறுகத் திணித்து, மூங்கிற் கழியிலோ வாளின் அலகிலோ கட்டி எய்தனர். காகிதக் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. ஆகவே அது ஆயிரம் கஜத்தையும் கடந்து பாய்ந்தது. 1799-இல் திப்பு ஷஹீதான பின்னர் அவ்வாயுதங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றை ஆராய்ந்துதான் வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளைச் செய்தார். இது பலரும் எழுதிய செய்தி. இதற்கு மேல் விரிக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது வேறொருவரைப் பற்றி.

தருமபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது முதல், 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை, ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் தருமபுரியோடுதான் சேர்ந்திருந்தன. ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில் பேளகொண்டப்பள்ளி என்ற சிற்றூரில் தனியார் விமானத் தொழிற்கூடமும் ஓடுதளமும் உள்ளன. இத்தாலிய உரிமம் பெற்று, இரட்டை எஞ்சின் கொண்ட சிறு விமானங்களை 1990-களில் அங்கே செய்தார்கள். கேழ்வரகும் அவரையும் விளையும் காட்டுக்கு நடுவே விமானம் செய்தார்கள் என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் 1940-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையோ உலகப் போரின்போது அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்தது. பிற்காலத்தில் அங்கு உருவான விமானங்களுள் ஒன்று ஜாகுவார். நம் விமானப்படை அதற்குச் சூட்டிய பெயர் ‘ஷம்ஷேர்’. வாள் என்று பொருள். அந்த ஜாகுவார் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது படைக்குத் தலைமை தாங்கியவர் மர்ஹூம் இத்ரீஸ் ஹஸன் லத்தீப் அவர்கள்.

அன்னார் 1923-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1942-இல், பதினெட்டு வயதில், விமானப்படையில் அதிகாரியானார். முதலில் கராச்சியில் அமர்த்தப்பட்டார். வாபிட்டி, ஆடாக்ஸ் என்னும் பழைய இரட்டை இறக்கை விமானங்களில் அரபிக் கடலின் மேல் பறந்து, பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது வேலை. அவ்விமானங்களில் விமானிக்கு மேற்கூரை கிடையாது. காற்றும் மழையும் முகத்திலேயே அறையும். பின்னர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட சில இந்திய விமானிகளுள் ஒருவராய்ச் சென்று ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களில் பயிற்சி பெற்றார். 1944-இல் திரும்பியதும் பர்மாப் போர்முனை அவரை ஏற்றுக்கொண்டது.

பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்துப் பறந்த ஹரிக்கேனில் ஒருவர்தான் அமர முடியும். வழி பார்ப்பதும், சுடுவதும், திரும்பி வந்து சேருவதும் அந்த ஒருவரின் பொறுப்பே. கீழே மலையும் பெருங்காடும். இறங்க நேர்ந்தால் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. அங்கே லத்தீப் பணியாற்றிய 9-ஆம் படைப்பிரிவின் தலைவராயிருந்தவர் அஸ்கர் கான். ஒரே கூடாரத்து உணவு, ஒரே காட்டு மழை, ஒரே பகைவன். அந்த இளைஞர்களுள் எவரும் பிற்பாடு தாம் இரு நாட்டவராவோம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

1947 வந்தது. நாடு பிரிந்தது, விமானப்படையும் பிரிந்தது. நாற்காலி, மேசைகளைப் பங்கிடுவதுபோல் விமானங்களைப் பங்கிட்டார்கள். அந்த 9-ஆம் படைப்பிரிவும் பாகிஸ்தானின் பங்கிற்குப் போயிற்று. முஸ்லிம் அதிகாரிகளிடம் எந்தப் பக்கம் என்று கேட்கப்பட்டது. அஸ்கர் கானும், மற்றொரு தோழரான நூர் கானும் லத்தீபைத் தம்முடன் வருமாறு அழைத்தனர். அவர் மறுத்தார். மார்க்கம் வேறு, நாடு வேறு. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை என்பது அவர் கொண்ட முடிவு.

இம்முடிவின் கனத்தை உணர வேண்டுமாயின் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 1947 ஆகஸ்டில் அவர் பிறந்த ஹைதராபாத் இந்தியாவிலும் இல்லை, பாகிஸ்தானிலும் இல்லை. நிஜாமின் ஆட்சி தனித்து நின்றது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்த பின்னரே அது இந்தியாவுடன் இணைந்தது. ஆகவே, சொந்த வீடு எந்தக் கொடியின் கீழ் இருக்கும் என்பது தெரியாத நிலையிலேயே அவர் இந்தியாவைத் தேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

நம்மவர் கூட்டங்களில் லத்தீப் அவர்களின் பெயரைச் சான்றிதழ்போல் எடுத்து நீட்டுவோர் உண்டு. “பார், எங்களிலும் ஒரு விமானப்படைத் தளபதி” என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவர் எவருக்கும் எதையும் மெய்ப்பிப்பதற்காக இங்கே தங்கவில்லை. தம் வீட்டில் தங்கினார், அவ்வளவே. தம் வீட்டில் இருப்பவனிடம் எவரும் பத்திரம் கேட்பதில்லை. அதுபோலவே, அப்பால் சென்ற தோழர்களைத் தூற்றி அவரை உயர்த்துவதும் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

அஸ்கர் கான் பாகிஸ்தான் விமானப்படையின் தலைவராக 1957 முதல் 1965 வரை இருந்தார். 1965 ஏப்ரலில் கட்ச் பகுதியில் இரு தரைப்படைகளும் மோதியபோது அவர் செய்த காரியம் ஒன்றை ஈண்டுக் குறிப்பிட வேண்டும். இந்திய விமானப்படைத் தலைவர் அர்ஜன் சிங்குடன் அவர் தொலைபேசியில் பேசினார். இருவரும் தத்தம் விமானங்களை அச்சண்டையில் இறக்காதிருக்க இசைந்தனர். அர்ஜன் சிங்கும் பர்மாவில் பறந்தவரே. அவ்வாண்டு செப்டம்பரில் முழுப் போர் மூண்டபோது அஸ்கர் கான் பதவியில் இல்லை. நூர் கான் இருந்தார். அப்போது எந்தத் தொலைபேசியும் போரைத் தடுக்கவில்லை.

1971-ஆம் ஆண்டுப் போரின்போது லத்தீப் தலைமையகத்தில் திட்டப் பொறுப்பு வகித்தார். மேசையோடு நின்றுவிடாமல் முன்னணித் தளங்களுக்கும் சென்று வந்தார். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது அவர் ஷில்லாங்கில் கிழக்குப் பகுதித் தலைமையகத்தில் இருந்தார்.

1978-இல் அவர் விமானப்படையின் தலைவரானார். படையிலிருந்த கான்பெரா, ஹண்டர் விமானங்கள் முதுமையடைந்திருந்தன. எதிரி நாட்டினுள் ஆழ ஊடுருவித் தாக்கவல்ல புது விமானம் எது என்ற தேடல் பல ஆண்டுகளாக இழுபட்டுக் கிடந்தது. அவர் பதவியேற்ற அவ்வாண்டிலேயே அது முடிவுக்கு வந்தது. முதல் ஜாகுவார்கள் 1979-இல் அம்பாலா வந்தன. பின்னர் பெங்களூரில் அவற்றைச் செய்யலாயினர். மிக்-23, மிக்-25 விமானங்களும் அவர் காலத்தவையே. ஒலியினும் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் மிக்-25-இல், 1981-இல் ஓய்வு பெறும் தறுவாயில், அவர் தாமே ஏறிப் பறந்தார். மேற்கூரையில்லா வாபிட்டியில் தொடங்கிய பயணம் அங்கே வந்து நின்றது.

பின்னர் 1982 முதல் 1985 வரை மகாராஷ்டிர ஆளுநராகவும், அதன்பின் பிரான்சு நாட்டுத் தூதராகவும் பணியாற்றிவிட்டு, பிறந்த ஊராகிய ஹைதராபாத்துக்கே திரும்பி வாழ்ந்தார்.

2018 ஜனவரியில் அஸ்கர் கான் பாகிஸ்தானில் மறைந்தார். அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில், தம் தொண்ணூற்று நான்காம் வயதில், லத்தீப் அவர்களும் ஹைதராபாத்தில் வபாத்தானார்கள். அவர்கள் ஒன்றாய்ப் பறந்த 9-ஆம் படைப்பிரிவின் பெயர் பாகிஸ்தான் விமானப்படையில் இன்றும் வழங்குகிறது.