டோர்பிடோ என்றொரு மீன்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிக் கதைச்சா, போர்க்கதைதான் முதலில் வரும். இங்கே தளம் வைத்திருந்த பிரித்தானிய நீர்மூழ்கி ‘டாலி ஹோ’, 1944 ஜனவரியில் பினாங்கு அருகே ஜப்பானியப் போர்க்கப்பல் ‘குமா’வை டோர்பிடோவால் மூழ்கடித்தது. அந்த ஆயுதத்தின் பெயர் எங்கிருந்து வந்தது? ஒரு மீனிடமிருந்து. டோர்பிடோ என்பது மின்சாரம் பாய்ச்சி இரையை மரத்துப்போகச் செய்யும் திருக்கை. லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பொருளே மரத்துப்போதல்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் ஃபுல்டன் தன் நீரடி வெடிகளுக்கு அதே பெயரை வைத்தார்.

ஆனா மின்சாரம் இருக்கிற மீனெல்லாம் அடிக்கிறதில்லை. ஆப்பிரிக்க ஆறுகளில் வாழும் ஜிம்னார்க்கஸின் மின்சாரம் மிக மெல்லியது. யாரையும் மரக்கச் செய்யாது. பிறகு அது எதுக்கு? மீன்களின் மின்னுறுப்பு தன் கொள்கைக்குச் சிக்கலான கேள்வி என்று டார்வினே 1859இல் ஒப்புக்கொண்டார்.

1951இல் கேம்பிரிட்ஜின் ஹான்ஸ் லிஸ்மன், அந்த மீனின் வாலிலிருந்து மின்துடிப்பு ஓயாமல் வருவதைக் கண்டறிந்தார். நொடிக்கு ஏறத்தாழ 300. தன்னைச் சுற்றியுள்ள மின்புலம் எங்கே மாறுகிறது என்பதைத் தோலால் உணர்ந்து, கலங்கல் நீரிலும் அது வழியறிகிறது. மெல்லிய மின்சாரத்துக்கும் வேலை உண்டு என்றால், பலமான மின்சாரம் படிப்படியாக வளர்ந்திருக்கலாம். டார்வினின் சிக்கலும் அங்கே தளர்ந்தது.

அடிக்கிற மீனின் பெயரைக் கடற்படைகள் உலகமெங்கும் கொண்டுபோயின. மின்சாரத்தைக் கண்ணாக வைத்திருக்கும் மீனின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?