மவுண்டன் பைக்: பழைய இரும்புக் கடையில் பிறந்த கதை

மலைப் பாதையில் ஓட்டுவதற்குக் குறைந்த விலையில் ஒரு சைக்கிள் வாங்கப் போகிறவர் முதலில் எண்ணுவது கியர்களைத்தான். 21 கியரா, 24 கியரா? அடுத்து அவர் கண்ணில் படுவது தடித்த டயர், முன்னால் ஒரு ஷாக், பின்னாலும் ஒரு ஷாக், பளபளக்கும் பெயிண்ட். இவற்றில் எது மலையில் உண்மையிலேயே உதவும், எது வெறும் அலங்காரம்?

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் நல்ல பதில் இருக்கிறது. மவுண்டன் பைக்கின் பாகங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு சரிவில் அதற்கு முன்பிருந்த பாகம் தோற்றுப்போனதால் வந்தவை. எது முதலில் தோற்றது, எது பிறகு தோற்றது என்ற வரிசை தெரிந்தால், எங்கே பணத்தை மிச்சம் பிடிக்கலாம், எங்கே மிச்சம் பிடித்தால் ஆபத்து என்பதும் தெரிந்துவிடும்.

பலூன் டயர்

1933-இல் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் அகலமான பலூன் டயர் போட்ட சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 26 அங்குலச் சக்கரம், இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகமான டயர், கனமான இரும்பு ஃபிரேம், ஒரே கியர். பள்ளிச் சிறுவர்களும் பத்திரிகை போடும் பையன்களும் ஓட்டிய சைக்கிள் அது. பிறகு மெல்லிய டயரும் பத்து கியரும் கொண்ட ரேஸ் சைக்கிள்கள் நாகரிகமாயின. பழைய பலூன் டயர் சைக்கிள்கள் பழைய சாமான் கடைகளுக்கும் கொட்டகைகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

1970-களின் தொடக்கத்தில் அவற்றைத் தேடிப் பிடித்தவர்கள் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி இளைஞர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் வருவது மரின். அங்கே 784 மீட்டர் உயரத்தில் டமால்பைஸ் மலை நிற்கிறது. காட்டுத்தீயை அணைக்க வண்டிகள் போவதற்காக வெட்டிய மண் சாலைகள் அந்த வட்டாரத்து மலைகளெங்கும் ஓடுகின்றன. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி போன்றவர்கள் சாலைப் பந்தய சைக்கிள்கள் பழகியவர்கள். ஆனால் மெல்லிய டயர் அந்தக் கல் பாதையில் தாங்காது. 1930-களிலும் 40-களிலும் செய்த ஷ்வின் சைக்கிள் ஒன்றைச் சில டாலருக்கு வாங்கி, மட்கார்டையும் செயின் கவரையும் கழற்றி எறிந்துவிட்டு மலைக்கு ஓட்டிப்போனால், அந்தப் பழைய பலூன் டயர் கல்லையும் பள்ளத்தையும் விழுங்கிக்கொண்டு போனது! அந்தச் சைக்கிள்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிளங்க்கர்'. ஏறக்குறைய ஓட்டை உடைசல் என்று பொருள். எடை 20 கிலோவைத் தாண்டும்.

ஆக, மவுண்டன் பைக்குக்கு முதலில் அமைந்தது டயர். அதற்குச் செலவே ஆகவில்லை.

முதலில் தோற்றது பிரேக்

கிளங்க்கரில் இருந்தது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக். அது பின் சக்கரத்து ஹப்புக்குள்ளேயே இருக்கும். சமதளத்தில் செல்லும் சிறுவனுக்கு அது போதும். செங்குத்தான இறக்கத்தில்?

21 அக்டோபர் 1976 அன்று, மரினின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகிலுள்ள ஒரு மண் சாலையில், யார் வேகமாக இறங்குகிறார்கள் என்று பார்ப்பதற்கு ஒரு பந்தயம் நடந்தது. தூரம் சுமார் 3 கிலோமீட்டர், இறக்கம் சுமார் 1,300 அடி. ஒருவர் பின் ஒருவராக இறங்கி, கடிகாரத்தில் நேரம் குறித்தார்கள். கீழே வந்து சேரும்போது கோஸ்டர் பிரேக் ஹப் சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸ் புகையாகப் போயிருக்கும். மறுபடி ஓட்ட வேண்டுமானால் ஹப்பைப் பிரித்துப் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு 'ரீபேக்' என்று பெயர். அந்தச் சாலைக்கும் பந்தயத்துக்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

ரீபேக் பந்தயம் 1984 வரை விட்டு விட்டு 24 முறை நடந்தது. கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியதுதான் அங்கே மிகச் சிறந்த நேரம். பத்து முறை வென்றவர் ஜோ பிரீஸ். ஆனால் வெற்றி தோல்வியை விட முக்கியமான ஒன்று அங்கே நடந்தது. ஒவ்வொரு பாகமும் அங்கே பரீட்சை எழுதியது. தேறாத பாகம் அடுத்த வாரம் மாற்றப்பட்டது.

பிறகு கியர்

ஒரே கியர் கொண்ட 20 கிலோ சைக்கிளை மலை மேல் ஓட்டிப் போக முடியாது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அல்லது லாரியில் ஏற்ற வேண்டும். 1974 டிசம்பரில் மரினில் நடந்த ஒரு சைக்ளோகிராஸ் பந்தயத்துக்கு, தெற்கே கூப்பர்டினோவிலிருந்து சில இளைஞர்கள் வந்தார்கள். அவர்களுடைய பலூன் டயர் சைக்கிள்களில் பல பற்சக்கரங்களும், செயினைத் தள்ளி மாற்றும் கியர் அமைப்பும் இருந்தன. அதே காலத்தில் கேரி ஃபிஷரும் தன் பழைய ஷ்வினில் கியர்களையும் டிரம் பிரேக்கையும் பொருத்தினார். எடை கூடியது உண்மைதான். ஆனால் இறங்க மட்டுமே தெரிந்த சைக்கிள் இப்போது ஏறவும் கற்றுக்கொண்டது.

கவனிக்க வேண்டியது, கியர் தேவைப்பட்ட காரணம். ஏற்றத்துக்குப் போதிய இலகுவான ஒரு கியர் வேண்டியிருந்தது. எத்தனை கியர் என்ற எண்ணிக்கையைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை.

ஃபிரேம்

பிரேக்கும் கியரும் சரியானதும், வேகம் கூடியது. வேகம் கூடியதும் நாற்பது வருடப் பழைய ஃபிரேம்கள் வளைந்தன, விரிசல் விட்டன. சாலைப் பந்தயத்துக்கு ஃபிரேம் செய்யத் தெரிந்த ஜோ பிரீஸ், 1977-இல் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களைக் கொண்டு இந்த வேலைக்கென்றே ஒரு ஃபிரேம் செய்தார். மொத்தம் பத்து சைக்கிள்கள். அவற்றுக்கு 'பிரீஸர்' என்று பெயர். எல்லாப் பாகமும் புதிதாகப் போட்டு மலைக்கென்றே கட்டிய சைக்கிள்களில் இதையே முதலாவதாகப் பலரும் சொல்கிறார்கள்.

1979-இல் ஃபிஷரும் கெல்லியும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதன் பெயரே 'மவுண்டன் பைக்ஸ்'. ஃபிரேம் செய்தவர் டாம் ரிச்சி. சைக்கிள் அருமையாக இருந்தது. விலையோ சுமார் 1,300 டாலர். சில டாலருக்குக் கிடைத்த ஓட்டை சைக்கிள் சில ஆண்டுகளுக்குள் சாமானியருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

மலிவு என்பதன் பொருள்

இங்கேதான் கதை திரும்புகிறது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் மைக் சின்யார்ட், ரிச்சி செய்த சைக்கிள்களை வாங்கிப் பார்த்து, அதைப் போன்ற ஒன்றை ஜப்பானில் மொத்தமாகச் செய்ய ஏற்பாடு செய்தார். 1981-இல் வெளிவந்த அந்த 'ஸ்டம்ப்ஜம்பர்' சைக்கிளின் விலை 750 டாலர்.

விலை எப்படிக் குறைந்தது? கையால் ஒவ்வொன்றாகச் செய்த ஃபிரேமுக்குப் பதிலாகத் தொழிற்சாலையில் செய்த ஃபிரேம். பாகங்களில் கைவைக்கவில்லை. பிரேக் லீவர் மோட்டார் சைக்கிளுக்குச் செய்யப்பட்ட வலுவான ரகம். அதாவது உழைப்புச் செலவில் மிச்சம் பிடித்தார்கள், பாதுகாப்பில் மிச்சம் பிடிக்கவில்லை. ஸ்டம்ப்ஜம்பர் இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது.

1982-இல் ஜப்பானின் ஷிமானோ மலைச் சைக்கிளுக்கென்றே 'டியோர் எக்ஸ்டி' பாகங்களைக் கொண்டுவந்தது. 1985-க்குப் பிறகு யென்னின் மதிப்பு ஏறியதால் ஜப்பானில் செய்வது கட்டுப்படியாகவில்லை. வேலை தைவானுக்கு நகர்ந்தது. 1972-இல் அங்கே தொடங்கிய ஜயன்ட் போன்ற ஆலைகள் ஃபிரேம்களை நல்ல தரத்தில் குறைந்த விலைக்குச் செய்யப் பழகின. இன்று நடுத்தர விலையில் நல்ல சைக்கிள் கிடைப்பதற்கு இந்த இடமாற்றம் ஒரு பெரிய காரணம்.

ஆனால் இதே காலத்தில் இன்னொரு வகை மலிவும் வந்தது. தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், வண்ணப் பெயிண்ட், இவற்றை மட்டும் காப்பியடித்துப் பேரங்காடிகளில் விற்ற சைக்கிள்கள். பார்வைக்கு மவுண்டன் பைக். அவற்றில் சிலவற்றின் ஃபிரேமில், கரடுமுரடான பாதையில் ஓட்ட வேண்டாம் என்று ஒரு சின்ன ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும்! உள்ளே உள்ளதைக் குறைத்து வெளியே உள்ளதைக் கூட்டிய மலிவு அது.

ஃபோர்க்கும் 'ஹார்ட்டெயில்' என்ற பெயரும்

இத்தனை வருடமும் முன்னால் இருந்தது விறைப்பான இரும்பு ஃபோர்க். அதிர்ச்சி முழுவதும் ஓட்டுபவரின் கைக்கு வரும். மோட்டார் சைக்கிள் துறையிலிருந்து வந்த பால் டர்னர் 1989-இல் 'ராக்‌ஷாக்ஸ்' என்ற சஸ்பென்ஷன் ஃபோர்க்கைக் கொண்டுவந்தார். அது அமுங்கும் அளவு 5 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில், இறக்கப் பந்தயத்தை கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கைக் கொண்டு வென்றதும் சந்தேகம் தீர்ந்தது.

பின் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் வந்த பிறகு, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளைத் தனியாகக் குறிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. அதுதான் 'ஹார்ட்டெயில்'. பின்பக்கம் ஆடாதது. பின் சஸ்பென்ஷனுக்கு மூட்டுகள், பேரிங்குகள், ஒரு நல்ல ஷாக் எல்லாம் வேண்டும். அதே பணத்தை ஹார்ட்டெயிலில் பிரேக்குக்கும் ஃபோர்க்குக்கும் போடலாம்.

கடைசியாக மாறியது ஃபிரேமின் வடிவம். 1990-களின் ஹார்ட்டெயிலில் முன் ஃபோர்க் சுமார் 71 டிகிரிக் கோணத்தில் கிட்டத்தட்ட நிமிர்ந்து நின்றது. ஏற்றத்தில் நன்றாக இருந்தாலும், செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுபவரை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும். இன்று மலைப் பாதைக்கான ஹார்ட்டெயில்களில் கோணம் 65 டிகிரி அளவுக்குச் சாய்ந்துவிட்டது. சக்கரமும் 26 அங்குலத்திலிருந்து 27.5, 29 அங்குலங்களுக்கு வளர்ந்தது. 2012-இல் ஸ்ராம் நிறுவனம் முன்னால் ஒரே பற்சக்கரம் கொண்ட 11 கியர் அமைப்பை மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அந்த முறை மலிவான சைக்கிள்களுக்கும் இறங்கி வந்தது. கியர் எண்ணிக்கை குறைந்தது, ஏற்றத்துக்கு உதவும் கியர் மட்டும் அப்படியே இருந்தது.

வரலாறு சொல்லும் பரீட்சை

இனி முதல் கேள்விக்குத் திரும்பலாம். மலிவான ஹார்ட்டெயிலை மதிப்பிட வேண்டுமானால் பாகங்கள் தோற்ற அதே வரிசையில் கேட்பதே நல்லது.

முதலில் பிரேக். நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் பிடிக்குமா? ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது. நல்ல ரகக் கம்பி டிஸ்க் பிரேக்கும் சமாளிக்கும்.

இரண்டாவது, ஃபிரேமும் ஹப்பும். அலுமினியமா எஃகா என்பது பெரிய விஷயமில்லை. ஃபிரேமின் தலைக்குழாய் கீழே அகன்றிருந்தால் பின்னாளில் நல்ல ஃபோர்க் மாற்றலாம். பின் ஹப்பில் பற்சக்கரங்கள் மரை வைத்துத் திருகப்பட்டிருக்கின்றனவா, கேசட்டாகச் செருகப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திருகும் ரகத்தில் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். குதித்து இறங்கினால் அச்சு வளைந்துவிடும்.

மூன்றாவது கியர். 21 என்ற எண்ணிக்கையை மறந்துவிட்டு, பின்னால் உள்ள மிகப் பெரிய பற்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். மலை ஏற்றுவது அதுதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்பதோ பத்தோ இருந்தாலே தாராளம்.

நான்காவது ஃபோர்க். ஸ்பிரிங் மட்டும் இருந்து, அமுங்கியது திரும்பி எழுவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இல்லாவிட்டால் அது துள்ளும். காற்றடைத்த ஃபோர்க் என்றால் ஓட்டுபவரின் எடைக்கேற்ப அழுத்தத்தை மாற்றிக்கொள்ளலாம். பட்ஜெட்டில் நல்ல ஃபோர்க் வரவில்லையென்றால், மோசமான ஃபோர்க்கை விட விறைப்பான ஃபோர்க்கும் அகல டயரும் எவ்வளவோ மேல். கேரி ஃபிஷரின் காலத்தில் அவ்வளவுதான் இருந்தது.

ஐந்தாவது, கோணமும் அளவும். இதற்குக் கூடுதல் செலவே இல்லை. சாய்ந்த ஃபிரேமைச் செய்யவும் நிமிர்ந்த ஃபிரேமைச் செய்யவும் ஆகும் உலோகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

எடையும் பெயிண்டும் கடைசி. 20 கிலோ கிளங்க்கரில்தான் இந்த விளையாட்டே தொடங்கியது. மிகக் குறைந்த விலைச் சைக்கிளில் பின்னாலும் ஒரு ஷாக் தொங்கினால் சந்தேகப்படுவது நல்லது. அந்தப் பணம் வேறெங்கிருந்தோ எடுக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் பிரேக்கிலிருந்து.

மவுண்டன் பைக்கைக் கண்டுபிடித்தவர்களிடம் பணம் இருக்கவில்லை. ஆனால் எது தோற்றது என்பதை மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் கவனித்தார்கள், அதை மட்டும் மாற்றினார்கள். குறைந்த விலையில் சைக்கிள் வாங்குபவருக்கு அந்தக் கவனமே போதுமான துணை.