அரசியல்வாதிக்குப் பாரத ரத்னா கொடுக்கலாமா?



போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. ஒரு தம்பி தன் கட்சித் தலைவருக்குப் பாரத ரத்னா கொடுக்க வேண்டும் என்று பதிவு போட்டான். இன்னொருவன், "அரசியல்வாதிக்கு எதுக்குடா விருது?" என்று கேட்டான். இரவு பதினொரு மணி வரை நடந்தது. கடைசியில் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று ஒரு மாணவி எனக்குத் தனியாகக் கேட்டிருந்தாள். அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

இதில் பேச நம் வறண்ட சீமைக்கு உரிமை உண்டு. காமராசர் 1903இல் விருதுநகரில் பிறந்தவர். எம்.ஜி.ஆர். 1977இல் முதல் முறை முதலமைச்சரானபோது அருப்புக்கோட்டைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். இருவரும் முழுநேர அரசியல்வாதிகள். இருவருக்கும் பாரத ரத்னா கிடைத்தது.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது காமராசர் முதலமைச்சர் பதவியை விட்டு விலகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் மத்தியானம் என் தட்டில் விழுந்த கோதுமை உப்புமா, அவர் 1956இல் ஆரம்பித்த மதிய உணவுத் திட்டத்தால் வந்தது. அது இல்லையென்றால் என் அப்பா என்னை ஆடு மேய்க்க அனுப்பியிருப்பார். பிறகு நானே வாத்தியாராகி, 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுக்கு உங்களை வரிசையில் நிற்கவைத்தேன். ஆகவே அரசியல்வாதிக்குத் தகுதியே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தகுதி இருக்கிறது, சரி. யார் கொடுக்கிறார்கள், எப்போது கொடுக்கிறார்கள்? வம்பு அங்கேதான் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் 'சர்', 'திவான் பகதூர்', 'ராவ் பகதூர்' என்று பட்டம் கொடுத்தார்கள். பெரும்பாலும் ஆட்சிக்கு அனுசரணையாக இருந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். மதுரையில் பிறந்த நீதிபதி மணி ஐயர், அதாவது எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதற்காக ஆட்சியாளர்கள் கண்டித்தபோது, 1918இல் தம் பட்டங்களையே துறந்துவிட்டார். அந்த அனுபவத்தால்தான் நம் அரசியல் சட்டத்தின் 18ஆவது பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர அரசு பட்டம் எதுவும் வழங்கக் கூடாது என்கிறது. எட்டாம் வகுப்புக் குடிமையியலில் நடத்தியிருக்கிறேன், நினைவிருக்கிறதா?

1954இல் பாரத ரத்னா வந்தது. அது பட்டம் அல்ல, விருது என்றார்கள். முதல் ஆண்டு பெற்ற மூவரும் நம் பக்கத்தவர்கள்: ராஜாஜி, டாக்டர் ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமன். ஒரு அரசியல்வாதி, ஒரு ஆசிரியர், ஒரு விஞ்ஞானி. நல்ல தொடக்கம்.

அப்புறம் வழி மாறியது. நேரு 1955இல் பிரதமராக இருக்கும்போதே பெற்றார். இந்திரா காந்தியும் 1971இல் அப்படியே பெற்றார். மௌலானா ஆசாத் மட்டும், தேர்வு செய்யும் இடத்தில் இருப்பவர்கள் வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். அவர் இறந்து 34 வருஷம் கழித்து, 1992இல்தான் கொடுத்தார்கள்.

நம் காமராசர் கதையைப் பாருங்கள். 1967இல் அவருடைய சொந்த ஊரான விருதுநகரே 1,285 வாக்கில் அவரைத் தோற்கடித்தது. கடைசிக் காலத்தில் அவர் இந்திராவுக்கு எதிரணியில் இருந்தார். நெருக்கடி நிலை அறிவித்த சில மாதத்தில், 1975 அக்டோபர் 2 அன்று சென்னையில் வாடகை வீட்டில் காலமானார். அடுத்த ஆண்டே, நெருக்கடி நிலை நடக்கும்போதே, அதே இந்திராவின் அரசு அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தது. அவருக்குத் தகுதி இல்லையா? ஆயிரம் தடவை இருக்கிறது. ஆனால் இருந்தபோது எதிர்த்தவர்கள் இறந்தபின் கொடுத்தால், அதில் கணக்கு இருக்கிறது என்று ஊர் பேசத்தானே செய்யும்?

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்தார். 1988இல் விருது. 1989 ஜனவரியில் தமிழ்நாட்டுக்குத் தேர்தல். காரணம் அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் 1956இல் மறைந்த அம்பேத்கருக்கு 1990லும், 1950இல் மறைந்த படேலுக்கு 1991லும்தான் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1977இல் மொரார்ஜி தேசாய் அரசு இந்த விருதுகளையே ரத்து செய்தது. 1980இல் இந்திரா திரும்பக் கொண்டுவந்தார். அந்த மொரார்ஜியே 1991இல் பாரத ரத்னா பெற்றுக்கொண்டார்!

இன்னொன்று. பணியில் இருக்கும் அரசு ஊழியர், மருத்துவரும் விஞ்ஞானியும் நீங்கலாக, பத்ம விருது பெற முடியாது. அமைச்சருக்கு அந்தத் தடை இல்லை. 2008இல் பிரணாப் முகர்ஜி மத்திய அமைச்சராக இருக்கும்போதே பத்ம விபூஷண் பெற்றார். ஊழியருக்கு ஒரு நியாயம், அமைச்சருக்கு ஒரு நியாயமா?

இப்போது என் சொந்தக் கதை. வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை. ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு ஒரு விருதுக்கு விண்ணப்பித்தேன். போட்டோ, சான்றிதழ் என்று ஒரு கோப்பு தயார் செய்தேன். "பெரிய இடத்தில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க சார்" என்றார்கள். ஒரு சால்வையும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து வந்த பையன் என் பழைய மாணவன். "சார், நீங்களா?" என்றான். எழுந்து வந்துவிட்டேன். விருது வரவில்லை. அவன் முகம் மட்டும் இன்னும் மறக்கவில்லை.

கேட்டு வாங்கும் இடத்தில் உட்கார்ந்தால் மனுஷன் எவ்வளவு சிறுத்துப்போகிறான் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதனால் என் யோசனைகள் இவை:

1. பதவியில் இருக்கும் எந்த அரசியல்வாதிக்கும் தேசிய விருது கூடாது. கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே 'ஆர்டர் ஆஃப் கனடா' விருதுக்கு இந்த விதி இருக்கிறது.

2. பதவி விட்டோ மறைந்தோ பத்து வருஷமாவது போகட்டும். கொடி இறங்கி, கோஷம் அடங்கியபிறகு எது மிஞ்சுகிறது என்று பார்த்துக் கொடுக்கட்டும்.

3. இன்று பாரத ரத்னாவுக்குப் பிரதமர் பரிந்துரைத்தால் போதும். அதை மாற்ற வேண்டும். 1995 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நீதிபதி குல்தீப் சிங், மக்களவைத் தலைவர், தலைமை நீதிபதி, எதிர்க்கட்சித் தலைவர் எல்லாம் இருக்கும் குழு வேண்டும் என்று யோசனை சொன்னார். அதைச் செய்தாலே பாதி வம்பு தீரும்.

4. ஏன் கொடுத்தார்கள் என்பதை ஒரு பக்கமாவது எழுதி வெளியிடட்டும். பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கலாம்.

குழுவை விட்டுப் போன இரண்டு தம்பிகளும் திரும்ப வாருங்கள். உங்கள் இருவருக்கும் ஒரே தட்டு வரிசையில் சோறு போட்டவன் நான். உங்கள் தலைவர் பெரியவர் என்றால் பத்து வருஷம் கழித்தும் பெரியவராகத்தான் இருப்பார். காமராசருக்கு ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, குறைந்தா போனார்?

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதுங்கள், எழுத்துப்பிழை இல்லாமல்!

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
நரிக்குடி.